ஓடுகிற பெண்ணுக்குத் தேதி தள்ளிப்போனால்

வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 24. ஒத்தக்கடைப் பக்கம் வீடு, டவுனுக்குள் வேலை, கல்யாணம் ஆகவில்லை. உயரம் 158 செ.மீ., எடை 47 கிலோ. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஓட ஆரம்பித்தபோது 53 கிலோ இருந்தார். இப்போது வாரம் 70 கிலோமீட்டர் ஓடுகிறார், ஜனவரியில் முழு மாரத்தான் ஓட ஆசை. சித்திரைத் திருவிழாவுக்காகத் தேதியைத் தள்ளிப்போட மாத்திரை போட்டிருக்கிறார். மாத்திரையை நிறுத்தியதும் பீரியட்ஸ் வந்தது. அதற்கப்புறம் ஐந்து மாதமாக எட்டியே பார்க்கவில்லை. ஜிம்மில் கேட்டால் "ரன்னர்ஸுக்கு இது சகஜம்" என்கிறார்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் "பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) மாதிரி இருக்கு, எடையைக் குறைங்க" என்றிருக்கிறார்கள். அம்மா "ஓடுனதுதான் வினை, அந்த ஷூவைத் தூக்கிப் போடு" என்கிறார். இந்த மூன்றில் எது சரி என்று கேட்கிறார்.

மூன்றுமே சரியில்லை. அம்மா சொன்னதில் மட்டும் கால்வாசி நியாயம் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மதுரையில் மகளிர் மருத்துவம் பார்ப்பவள். கல்லூரி நாட்களில் 5,000 மீட்டரும் கிராஸ் கன்ட்ரியும் ஓடியவள். அதனால் இந்த விஷயம் எனக்கு மேஜையின் இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். முன்பெல்லாம் ஓட்டக்காரப் பெண் என்று யாராவது வருவது அபூர்வம். இப்போது ரேஸ்கோர்ஸ் மைதானம், தெப்பக்குளம், அழகர்கோவில் ரோடு என்று எங்கே போனாலும் விடிவதற்குள் பெண்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிறவர்கள் தனிக் கூட்டம். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக் வரை போய் ஓடியதைப் பார்த்து மைதானத்துக்கு வந்த சின்னப் பெண்களும் உண்டு. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கூடவே, "தேதி வரல டாக்டர்" என்று வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள்.

எத்தனை நாள் தள்ளிப்போனால் கவலைப்பட வேண்டும்? வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள் வரை எந்த இடைவெளியும் இயல்புதான். 28 நாள் என்பது சராசரி, சட்டமில்லை. 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவது முதல் எச்சரிக்கை. ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். 15 வயது முடிந்தும் வயசுக்கு வராத பெண்ணையும் காட்ட வேண்டும். "விளையாடுற புள்ள, மெதுவா வரட்டும்" என்று விடக்கூடாது. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. இனி காத்திருக்க ஒன்றுமில்லை.

முதலில் சங்கடமான விஷயத்தை முடித்துவிடுவோம். தேதி தள்ளிப்போய் வரும் யாராக இருந்தாலும் நான் எழுதும் முதல் பரிசோதனை சிறுநீரில் கர்ப்பம் பார்ப்பது. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, சாமி கும்பிடுகிறவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் எழுதுவேன். எல்லாருக்கும் என்று வைத்துவிட்டால் யாருக்கும் அவமானமில்லை. உங்கள் டாக்டர் எழுதினால் கோபப்படாமல் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த மாத்திரை. அதனால்தான் நின்றுவிட்டது என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. திருவிழா, கிரகப்பிரவேசம், கல்யாணம், ஸ்போர்ட்ஸ் மீட் என்று எதற்கெடுத்தாலும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் அந்த மாத்திரை பெரும்பாலும் நாரெத்திஸ்டெரோன். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும். அதன் வேலை அத்தோடு சரி, ஐந்து மாதத்துக்கு உடம்பை முடக்கிப் போடும் சக்தி அதற்கில்லை. ஆனால் அது வேறொரு காரியம் செய்திருக்கலாம். சித்திரையிலேயே உங்கள் சொந்தச் சுழற்சி தடுமாறத் தொடங்கியிருக்கும், மாத்திரையால் வந்த ரத்தம் அதை மறைத்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், அதற்கு முந்தைய இரண்டு மூன்று தடவை நாற்பது நாள், ஐம்பது நாள் என்று இழுத்ததா? இரண்டே நாளில் கறை மாதிரி வந்து நின்றதா? பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் "ஆமா டாக்டர்" என்பார்கள்.

சரி, ஏன் நிற்கிறது?

வருமானம் குறைந்த வீட்டில் அரிசி வாங்குவதை நிறுத்த மாட்டார்கள், கரண்ட் பில்லையும் கட்டித்தான் ஆக வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவார்கள். உடம்பும் அப்படித்தான் செலவைச் சுருக்குகிறது. இதயம், மூளை, சுவாசம் எதையும் நிறுத்த முடியாது. பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடலாம். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஏறத்தாழ ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோனைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும். அதைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டையும் அனுப்புகிறது, அவை போய்ச் சினைப்பையை எழுப்புகின்றன. உடம்பில் கொழுப்புச் சேமிப்பு குறைந்து, தினசரி வரவும் பற்றவில்லை என்று தெரிந்ததும் ஹைப்போதலாமஸ் அந்தத் துடிப்பைக் குறைத்துவிடுகிறது. முட்டை முதிர்வதில்லை, எஸ்ட்ரோஜன் இறங்கிவிடுகிறது, கருப்பையின் உள்பூச்சு வளர்வதில்லை. உதிர ஒன்றுமில்லாததால் பீரியட்ஸும் இல்லை. கருப்பையிலும் சினைப்பையிலும் எந்தக் கோளாறும் கிடையாது, மேலேயிருந்து உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான்.

இது பஞ்சகால ஏற்பாடு. 1876 முதல் 1878 வரை நம் பக்கத்தைத் துடைத்தெடுத்த தாது வருஷப் பஞ்சத்தில் சாவுக் கணக்கு ஏறியதை எல்லாரும் பேசுவார்கள், கூடவே பிறப்புக் கணக்கு சரிந்ததை யாரும் பேசுவதில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்துப் பெண்களுக்கும் பட்டினியால் மாதவிலக்கு நின்றது. உங்கள் உடம்புக்கு மாரத்தான் தெரியாது. விடியற்காலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு மூன்று இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் பெண்ணைப் பார்த்தால், ஊரில் பஞ்சம் வந்து இவள் கஞ்சித் தொட்டியைத் தேடி நடக்கிறாள் என்றுதான் அது நினைக்கும்.

ஓடுவதே குற்றமா, ஓடிய பிறகு சாப்பிடாததா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆன் லௌக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, 1998இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி இல்லாத இளம் பெண்களை டிரெட்மில்லில் கடுமையாக வேலை வாங்கியது. செலவழித்த அளவுக்குச் சாப்பாடு கொடுத்தபோது எல்.எச். துடிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே உடற்பயிற்சியோடு சாப்பாட்டைக் குறைத்தபோது துடிப்பு தடுமாறியது. 2003இல் வந்த அடுத்த ஆய்வில் வெவ்வேறு அளவில் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். ஐந்தே நாளில் மாற்றம் தெரிந்தது. உங்கள் அம்மாவுக்குக் காட்ட வேண்டியது இதுதான்.

அந்தக் கணக்கை உங்கள் தட்டை வைத்தே போட்டுப் பார்ப்போம். 15 கிலோமீட்டர் ஓடும் ஒரு புதன்கிழமையில் என்ன சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலே முக்காலுக்குச் சர்க்கரை போடாத கருப்புக் காபி. ஓடி வந்து, குளித்து, எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மூன்று இட்லி. பதினொரு மணிக்கு ஒரு டீ. மதியம் சின்ன டப்பாவில் சோறு, கீரை, ஒரு பொரியல். சாயங்காலம் டீயும் கொஞ்சம் சுண்டலும். ராத்திரி சோறு வேண்டாம் என்று இரண்டு சப்பாத்தியும் பருப்பும், ஒரு கொய்யா. எண்ணெயைப் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறீர்கள். தாராளமாகப் போட்டாலும் இது 1,400 கலோரியைத் தாண்டாது.

ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி, இதுதான் ஓட்டச் செலவின் மனக்கணக்கு. 47 கிலோவுக்கு 15 கிலோமீட்டர் என்றால் 700 கலோரி ஓட்டத்துக்கே போய்விட்டது. மிச்சம் 700. உங்கள் உடம்பில் கொழுப்பைக் கழித்தால் சதையும் எலும்பும் உறுப்புகளும் சுமார் 38 கிலோ இருக்கும். 700ஐ 38ஆல் வகுத்தால் கிலோவுக்கு 18 கலோரி. உடம்பு நிம்மதியாக வேலை செய்ய 45 வேண்டும், 30க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும். 30 என்பது கல்லில் வெட்டிய கோடு இல்லை. சிலருக்கு 35இலேயே நிற்கும், சிலர் 25இலும் தாக்குப்பிடிப்பார்கள். ஆனால் 18 எந்தக் கணக்கிலும் சேராது. அந்த நாளுக்கு உங்களுக்கு வேண்டியது ஏறத்தாழ 2,400 கலோரி. அதாவது ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி துண்டு விழுகிறது.

இத்தனைக்கும் உங்கள் பி.எம்.ஐ. 18.8, அட்டவணையில் அது இயல்பான எடைதான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எலும்பும் தோலுமாக இருந்தால்தான் பட்டினி என்று நினைக்கிறார்கள். உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்ட பிறகு எடை இறங்குவதுகூட நின்றுவிடும். கை கால் சில்லிட்டுப்போவது, மலச்சிக்கல், தூக்கம் கெடுவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், எவ்வளவு பயிற்சி செய்தாலும் நேரம் குறையாமல் அதே இடத்தில் நிற்பது என்று வேறு வழியில்தான் தெரியும். மதுரையில் மே மாதத்தில் ஒரு பெண் ஏ.சி. இல்லாத என் அறையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் வேறெதுவும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1992இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் சாப்பாட்டுக் குளறுபடி, மாதவிலக்கு நிற்பது, எலும்பு மெலிவது ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பேச ஆரம்பித்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து, ஆண்களையும் சேர்த்து, ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது, விளையாடுகிறவர்களுக்குச் சக்தி பற்றாமல் வரும் கோளாறு என்று அர்த்தம். ஆம், ஆண்களுக்கும் இது வரும். அவர்களுக்குக் காட்டிக்கொடுக்க மாதாமாதம் ஒரு மணி அடிப்பதில்லை. நீண்ட தூரம் ஓடுகிற பெண்களில் 65 சதவீதம் வரைக்கும் மாதவிலக்கு நின்றதாகச் சில ஆய்வுகளில் உண்டு. "சகஜம்" என்று ஜிம்மில் சொன்னது இதைத்தான். இங்கே ரத்தசோகையும்தான் பாதிப் பெண்களுக்கு இருக்கிறது, அதற்காக அது நல்லது என்று ஆகிவிடுமா?

"நல்லது" என்றே என்னிடம் ஒருவர் சொன்னார். எனக்கு அப்போது இருபது வயது, எட்டு மாதமாக வரவில்லை. பயிற்சி கொடுத்தவரிடம் நேரடியாகச் சொல்ல வாய் வராமல் சீனியர் அக்கா மூலமாகச் சொன்னேன். "நின்னுருச்சா? நல்லதுதான், உடம்பு ஓட்டத்துக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்" என்று பதில் வந்தது. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். ஹாஸ்டலில் துணி அலசும் வேலையும் மிச்சம். இரண்டு மாதம் கழித்து இடது கெண்டைக்காலின் முன்னெலும்பில் வலி வந்தது. கால் முழுக்க இல்லை, பத்துப் பைசா அகலத்துக்கு ஓர் இடம். விரல் வைத்து அழுத்தினால் உயிர் போகும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு போட்டியில் ஓடினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில்தான் மயிரிழை போல விரிசல் தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேக்கு அது பிடிபடாது என்பது எனக்கு அப்போது தெரியாது, எம்.ஆர்.ஐ. இருந்தால் உடனே தெரியும். அந்த சீசன் முழுக்கப் போனது. உசிலம்பட்டியில் அப்பத்தா வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இரண்டு மாதம் கிடந்தேன். "கொக்கு மாதிரி ஆயிட்ட" என்று திட்டிக்கொண்டே அப்பத்தா தினமும் உளுந்தங்களி கிண்டிப் போட்டாள். அந்த இரண்டாவது மாதக் கடைசியில் தேதி வந்தது. களிக்கும் தேதிக்கும் முடிச்சுப்போட எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அப்பத்தாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எஸ்ட்ரோஜன் எலும்பின் காவல்காரன். வாழ்நாளுக்கான எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் முடிந்துவிடும், இருபதுகளில் இன்னும் கொஞ்சம் சேரும். அந்த வயதில் மாதக்கணக்காக எஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் சேராதது சேராததுதான். பின்னாளில் முழுக்க ஈடுகட்ட முடியாது. எனக்கு இன்றைக்கும் முதுகெலும்பின் அடர்த்தி வயதுக்குச் சற்றுக் கீழேதான். அமெரிக்க ஓட்டக்காரி மேரி கெயின் 2019இல் வெளிப்படையாகப் பேசினார். பதின்ம வயதிலேயே உலகத் தரத்தில் ஓடியவர். எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதில் மூன்று வருஷம் மாதவிலக்கு வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றார். ஆகவே, உங்களுக்கு முன்னெலும்பிலோ பாதத்திலோ ஒரு புள்ளியில் வலி இருந்தால் இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். தொடை இடுக்கில், ஓடும்போது உள்ளே ஆழமாக வலித்தால் அது இன்னும் அவசரம். தொடையெலும்பின் கழுத்தில் விரிசல் விட்டு அது விலகினால் அறுவைச் சிகிச்சை வரைக்கும் போகும்.

பி.சி.ஓ.டி. விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இளம் பெண்களின் சினைப்பையில் ஸ்கேன் வைத்தால் சின்னச் சின்னக் குமிழ்கள் தெரிவது சாதாரணம். ஹைப்போதலாமஸ் உத்தரவு நின்றுபோனவர்களுக்கும் அப்படித் தெரியும். படத்தை மட்டும் வைத்து பி.சி.ஓ.டி. என்று முடிவு கட்டக்கூடாது. முகத்தில் முடி, விடாத பரு, ரத்தத்தில் ஆண் ஹார்மோன் கூடியிருப்பது, எல்.எச். ஏறியிருப்பது என்றால் அந்தப் பக்கம் யோசிக்கலாம். உங்கள் மாதிரி ஆறு கிலோ இறங்கியவருக்கு, எல்.எச்.சும் எஸ்ட்ரோஜனும் அடியில் கிடக்கும்போது, எடையைக் குறை என்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற யோசனை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்கிறேன்.

கர்ப்பப் பரிசோதனைக்கு அடுத்து தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ரடயால் பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.எச். மிக அதிகமாக இருந்தால் சினைப்பையே முன்கூட்டி ஓய்வதாக இருக்கலாம், அது வேறு கதை. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பாருங்கள், ஓடுகிறவர்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கும். வைட்டமின் டியையும் விடாதீர்கள். இந்த வெயிலிலா என்று சிரிக்க வேண்டாம், சூரியன் வருவதற்குள் முழுக்கை டீஷர்ட்டில் ஓடி முடித்து நாள் முழுக்க ஆபீஸுக்குள் இருக்கிறவருக்கு வெயில் எங்கே படுகிறது? நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: கருப்பையைத் தாக்கும் காசநோய். இருமல் எதுவுமே இல்லாமல் மாதவிலக்கு குறைந்து நின்றுபோக அதுவும் ஒரு காரணம். சாயங்காலக் காய்ச்சல், வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டாலோ, எலும்பில் ஏற்கெனவே விரிசல் வந்திருந்தாலோ எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விலக்கிய பிறகுதான் "சாப்பாடு பற்றவில்லை" என்ற முடிவுக்கு வர வேண்டும். அந்த இடத்தில் நிறையப் பேர் ஒரு மாத்திரையை எதிர்பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் ரத்தம் வரும்தான். ஆனால் அது மாத்திரையின் ரத்தம். மூளையின் துடிப்பு திரும்பியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, எலும்பும் அதனால் தேறாது. ஹார்மோன் மருத்துவர்களின் 2017ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல், தேதியை வரவழைக்க மட்டும் இந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்கிறது. சாப்பாட்டைச் சரிசெய்து ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகியும் வரவில்லை என்றால், தோலில் ஒட்டும் பட்டை அல்லது தடவும் ஜெல்லாக எஸ்ட்ரோஜனும், கூடவே சுழற்சியாகப் புரோஜெஸ்டிரோனும் கொடுப்போம். அது டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டியது. பப்பாளி, அன்னாசி, எள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உதிர எதுவும் சேராத கருப்பையைப் பப்பாளி என்ன செய்யும்? எள்ளுருண்டையைச் சாப்பிடுங்கள், தேதிக்காக இல்லை, அதிலிருக்கும் எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கால்சியத்துக்கும்.

ஆயிரம் கலோரியை நாளைக்கே ஏற்றினால் வயிறு கேட்காது. முதலில் முந்நூறு, நானூறு சேருங்கள். மாதவிலக்கு தடுமாறிய பெண்களுக்கு ஒரு வருஷம் இப்படித் தினம் முந்நூறு கலோரிக்குச் சற்று மேல் கூட்டிப் பார்த்த ஆய்வு ஒன்றில், கூட்டாதவர்களைவிட அவர்களுக்குத் தேதி திரும்புவது தெளிவாக அதிகமாக இருந்தது, பயிற்சியை அவர்கள் விடவுமில்லை. உங்கள் தட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாலே முக்காலிலிருந்து எட்டு மணி வரை உடம்பு வெறும் காபியில் ஓடுகிறது. அங்கேதான் முதல் கை வைக்க வேண்டும். ஓடப் போகும் முன் ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலைமிட்டாயும். ஓடி வந்த அரை மணிக்குள் வெல்லமும் பாலும் விட்ட கேழ்வரகுக் கஞ்சி ஒரு பெரிய டம்ளர். நம் ஊர் வெக்கையில் ஓடி வந்தால் பசி செத்துப்போகும், மெல்ல முடியாது, குடிக்க முடியும். மோர் நல்லதுதான், ஆனால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். ராத்திரி சோற்றை விலக்கி வைத்ததற்கு ஒரு நியாயமும் இல்லை. 70 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மாவுச்சத்துதான் பெட்ரோல். கீரையும் சாலடும் வயிற்றை அடைத்துக்கொண்டு கலோரி தராமல் போகும். அவற்றைக் குறைத்தாவது முட்டை, தயிர், பருப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் என்று உள்ளே விடுங்கள். உளுந்தங்களியில் மந்திரம் எதுவுமில்லை. உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் மூன்றையும் சின்ன உருண்டைக்குள் அடைத்தால் புரதம், மாவு, கொழுப்பு எல்லாம் இடத்தை அடைக்காமல் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறீர்கள் என்றால் அன்றைக்கு ஓட வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது, பயிற்சியாளரைச் சமாளியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம் ஓடிவிட்டு ஒரு ஜிகர்தண்டா குடித்தால் நான் தடுக்க மாட்டேன்.

நீங்களாவது வேண்டுமென்று குறைத்தவர். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பதினாறு வயதுப் பெண்ணை அவள் அம்மாச்சி கூட்டி வந்தார், இன்னும் வயசுக்கு வரவில்லை என்று. நன்றாக ஓடுகிற பெண். டயட் என்ற வார்த்தையே அவளுக்குத் தெரியாது. விடியற்காலை முதல் பஸ்ஸில் மைதானத்துக்கு வருகிறாள், பயிற்சி முடிந்து நேரே பள்ளிக்கூடம், முதல் சாப்பாடு மதியம்தான். "காலையில எதுவும் சாப்பிட்டா ஓட முடியாது" என்றாள். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் வந்தது, காலையில் அந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை என்று. பரிசோதனைகளில் வேறு எதுவும் இல்லை. முந்தின நாள் ராத்திரியே அவித்த முட்டை இரண்டு, வறுத்த கடலை, வெல்லம் ஒரு டப்பாவில் என்று ஏற்பாடு செய்தோம், அவளுடைய பி.டி. டீச்சர் பால் பாக்கெட்டுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து அம்மாச்சி சடங்குப் பத்திரிகையோடு வந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே நின்றவளைக் கூப்பிட்டுக் கேட்டால், 3,000 மீட்டரில் நேரமும் குறைந்திருக்கிறதாம்.

எத்தனை நாளில் வரும்? சரியாகச் சாப்பிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்தில் பலருக்குத் திரும்பும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். இறங்கிய ஆறு கிலோவில் பாதியாவது ஏற வேண்டியிருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எடை ஏறுவதை நினைத்தாலே படபடப்பாக இருக்கிறது, சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி வருகிறது, வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு மனநல ஆலோசனை வேண்டும், கஞ்சி போதாது. இன்னொரு விஷயம், கல்யாணமானவர்கள் கவனிக்க வேண்டியது: முதல் ரத்தத்துக்கு இரண்டு வாரம் முன்பே முட்டை வந்துவிடும். தேதி வரவில்லை, அதனால் கரு தங்காது என்று யாரும் இருந்துவிடக்கூடாது.

இப்போது ஜனவரி மாரத்தான். இந்த ஜனவரி வேண்டாம். அம்மா சொன்னதில் கால்வாசி நியாயம் என்றேனே, அது இதுதான். வரவைக் கூட்டும் காலத்தில் செலவையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். 70ஐ 45க்குக் கொண்டுவாருங்கள், வாரத்தில் ஒன்றரை நாளாவது முழு ஓய்வு, வேகப் பயிற்சி ஒன்று போதும். எலும்பில் வலி இல்லையென்றால் 10 கிலோமீட்டர் போட்டிகளில் ஓடலாம். மாத்திரை இல்லாமல் மூன்று தடவை ஒழுங்காகத் தேதி வந்தபிறகு அழகர்கோவில் வரை ஒருநாள் ஓடிப் பாருங்கள், நம் ஊரிலிருந்து அது 21 கிலோமீட்டர், அரை மாரத்தான் கணக்கு சரியாக வரும். முழு மாரத்தானை அதற்கடுத்த ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். கடைசி ஆறு மாதத் தேதிகள், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், போட்ட மாத்திரைகளின் அட்டை, மூன்று நாள் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்ற சீட்டு, எல்லாம் கையில் இருக்கட்டும். அந்தச் சாப்பாட்டுச் சீட்டை முதலில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஷூவை அவர் மறந்துவிடுவார், உளுந்து ஊறப்போட எழுந்துவிடுவார்.